சத்தம் நின்ற காரைப் பற்றி

தம்பி,

போன கிழமை நீ ரெலிபோனில் சொன்ன ஒரு வசனம் என் காதுக்குள்ளேயே நிற்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கண் வைத்தியர் இனிமேல் கார் ஓட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டார், காரை நீ வவுனியாவுக்குக் கொண்டுபோ, வதனிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்வர உதவும் என்று நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். நீ, "அம்மாவைச் சாக்காட்டின கார் அப்பா அது. என்ர பிள்ளையை நான் அதில ஏத்த மாட்டன். உடைச்சுச் சாமான் விக்கிற ஆருக்காவது குடுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் குசினிக்குள் கதிரையில் இருந்தபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் உனக்குத் தெரியாமல் வதனி எடுத்தாள். "மாமா, இவர்ர கதையைக் கேட்டுக் காரைக் குடுத்திடாதேங்கோ. எனக்கு பஸ்ஸில ஏறி இறங்க ஏலாமக் கிடக்கு. ஓட்டோ குலுக்கிற குலுக்கில வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வாறன். நீங்கள் ஒருக்கா இவருக்கு விளங்கப்படுத்துங்கோ" என்றாள். ஓம் பிள்ளை என்று சொன்னேன். விளங்கப்படுத்த என்னிடம் உண்மையிலேயே ஒரு விசயம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்தக் கார் உன் அம்மாவைச் சாக்காட்டவில்லை. அன்றைக்கு அது பழுதாகவும் இல்லை. நாலு வருசமாக இது எனக்குத் தெரியும். முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது, ஆகையால் எழுதுகிறேன். கடைசிவரை வாசி. கோபம் வந்து நடுவிலே மடித்து வைத்துவிடாதே.

அந்த நாளுக்குப் போக முதல் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். வாங்கினது நீ, வளர்த்தது நான். நீ லீவில் வந்து இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் போவாய், அதன் குணம் உனக்குத் தெரியாது. யப்பானில் யாரோ ஓடி, பிறகு கொழும்பில் யாரோ ஓடி, மூன்றாம் கையாக எங்களிடம் வந்தது. அப்பா இனிச் சைக்கிள் மிதிக்கவேண்டாம் என்று உன் சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்கினாய். பெற்றோலும் கரண்டும் கலந்து ஓடும் என்று நீ சொன்னபோது, பாலிலே தண்ணீர் கலக்கிற விசயம் போலத்தான் எனக்குப் பட்டது. என் வாழ்நாளில் பாதியை மூதூருக்கு ஆள் ஏற்றிப்போகிற லாஞ்ச் படகின் இஞ்சின் குழிக்குள் கழித்தவன் நான். இஞ்சின் என்றால் அதற்கு ஒரு சத்தம் இருக்கவேண்டும். உள்துறைமுகத்துக்குள் எந்தப் படகு வருகிறது என்று திரும்பிப் பாராமல் சொல்லுவேன். இது வீட்டுக் கேற்றடிக்கு வந்து நின்றாலும் எனக்குத் தெரியாது.

கோயிலில் பூசை போட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். ஐயர் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைக்கச் சொன்னார். உன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். ஐயர், "தம்பி, இனி ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். நீ உள்ளே இருந்துகொண்டு, "ஸ்டார்ட்டிலதான் ஐயா நிக்குது" என்றாய். அவர் போனட்டுக்குக் கிட்டக் காதைக் கொடுத்துப் பார்த்தார். "எங்க தம்பி, ஒண்டும் கேக்கேல்லையே. ஸ்டார்ட் பண்ணினால்தானே நான் மந்திரத்தைத் தொடங்கலாம்" என்றார். நீ அவரைக் கூப்பிட்டு, முன்னுக்குப் பச்சை நிறத்தில் 'ரெடி' என்று எரிகிற எழுத்தைக் காட்டினாய். காட்டுகிற அவசரத்தில், கியர் போட்டபடியே பிறேக்கிலிருந்து காலையும் எடுத்துவிட்டாய். கார் பூனை மாதிரி முன்னுக்கு வந்து தேசிக்காயை நசுக்கியது. மாமா கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தார். "டேய், சொல்லிப்போட்டு வாடா" என்று அவர் மண்ணில் இருந்தபடி கத்தினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. மந்திரம் முடிய முதல் காய் நசுங்கினது சரியில்லை என்று திரும்பவும் நாலு காய் வைப்பித்தார். பிறகு வந்த நாட்களில் அந்த முதல் தேசிக்காயை நான் எத்தனையோ தடவை நினைத்தேன். மனம் அப்படித்தான் எதையாவது தேடிப் பிடிக்கும்.

எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் இதற்குப் 'பேய்க் கார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிங்கநகர் முழுக்கக் கேட்டாலும் அந்தப் பெயரில்தான் தெரியும். கோட்டைப் பக்கம் மேய்கிற மான்கள் ஓட்டோவுக்கு விலகும், பஸ்ஸுக்கு விலகும், இதற்கு விலகாது. பக்கத்தில் போய் நின்றபிறகுதான் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஆகையால் ஒழுங்கைக்குள் திரும்பும்போதும், பின்னுக்கு எடுக்கும்போதும் ஹோர்னைச் சின்னதாகத் தட்டு. பள்ளிக்கூட வாசலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு. மற்ற வாகனத்துக்கு ஆட்கள் விலகுவார்கள், இந்தக் காரில் நீதான் ஆட்களைப் பார்த்து விலகவேண்டும்.

இதில் இரண்டு பற்றரி இருக்கிறது. சின்னது பின்னால், டிக்கிப் பலகையைத் தூக்கினால் ஒரு மூலையில் இருக்கும். அது இஞ்சினைச் சுழற்றுகிற பற்றரி இல்லை, காரின் மூளையை எழுப்புகிற பற்றரி. அது மெலிந்தால் கார் பைத்தியக்காரன் மாதிரி நடக்கும். கதவு திறக்காது, விளக்குகள் மினுங்கும், இல்லாத நோவெல்லாம் சொல்லும். அந்த நேரம் கராச்சுக்குக் கொண்டுபோனால், பெரிய பற்றரி போய்விட்டது, மாற்றவேணும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதே. முதலில் சின்னதை அளந்து பார்க்கச் சொல். இங்கே கடற்காற்றில் அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துவிடும். சுடுதண்ணீர் ஊற்றிப் பழைய பல்தூரிகையால் தேய்த்து, காயவிட்டு, கொஞ்சம் கிறீஸ் பூசிவிடு. கார் நாட்கணக்கில் சும்மா நின்றால் இரண்டு பற்றரியும் இறங்கும். கிழமைக்கு ஒரு தடவையாவது 'ரெடி'யில் வைத்துக் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வா. ஆனால் பூட்டின கொட்டிலுக்குள் அப்படி விட்டுவிட்டுப் போகாதே. சத்தம் இல்லையென்று நீ மறந்துவிடுவாய். பற்றரி இறங்கினதும் இஞ்சின் தானாக எழும்பி ஓடும், புகை உள்ளே நிறையும்.

பெரிய பற்றரி பின் சீற்றோடு சேர்ந்து இருக்கிறது. அதற்குச் சூடு ஆகாது. ஆகையால் பின் சீற்றின் பக்கத்தில் வலை போட்ட ஒரு சின்ன வாய் வைத்து, உள்ளே ஒரு காற்றாடி வைத்திருக்கிறார்கள். அந்த வாய் நாங்கள் இருக்கிற இடத்துக் காற்றைத்தான் உள்ளே இழுத்துப் பற்றரியைக் குளிர்த்தும். அதை எந்தச் சாமானாலும் மூடக்கூடாது. உன் அம்மா அது குளிர்க்காற்று வருகிற ஓட்டை என்று நினைத்திருந்தாள். "இடுப்பில குளிர் ஏறுது" என்று ஒரு துவாயை மடித்து அதற்குமேல் அணைத்து வைத்துவிடுவாள். அது காற்றை இழுக்கிறது, விடவில்லை என்று நான் சொன்னால், "எனக்குக் குளிருறது எனக்குத் தெரியும்" என்பாள். பங்குனி வெயிலில் ஒருநாள் அந்தக் காற்றாடி பின்னால் இரைந்து கத்தினபிறகுதான் துவாயை எடுத்தாள். அதன்பிறகு வலையைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஃபில்டரைத் தட்டிக் கழுவப் பழகினேன். நீ மழைக்கு முன் ஒருக்கா, வெயிலுக்கு முன் ஒருக்காவாவது இதைச் செய். வவுனியாப் புழுதிக்கு இன்னும் கூடச் செய்யவேண்டிவரும்.

அம்மா போய்ச் சில மாதத்தில் காற்றாடி திரும்பவும் இரையத் தொடங்கியது. வலையைக் கழற்றினேன். உள்ளே அவளுடைய தலைமுடி. நரையும் கறுப்பும் கலந்து, மருதாணி போட்ட செம்பட்டை நிறத்தில், புழுதியோடு சேர்ந்து பஞ்சு மாதிரிச் சுருண்டு கிடந்தது. பூமாலை கட்டுகிற நாரும் ஒரு துண்டு அதற்குள் சிக்கியிருந்தது. அவள் அந்த மூலையில் சாய்ந்து இருந்த நேரமெல்லாம் கார் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. என்னால் அதை எடுக்க ஏலவில்லை. வலையைத் திரும்பப் பூட்டிவிட்டேன். பிறகு எத்தனையோ நாள் பின்னால் அந்த இரைச்சலோடு ஓடினேன். கடைசியில் முன்னுக்குச் சிவப்பு முக்கோணம் எரிந்தது, பற்றரி சூடு தாங்கமாட்டாமல் கார் வேகம் குறைந்தது. அன்றைக்குத்தான் இருந்து எடுத்தேன். அந்த முடியை என்ன செய்தேன் என்று என்னைக் கேட்காதே. நீ கழற்றும்போது இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். பயப்படாதே, மெதுவாக எடு.

மற்ற விசயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பற்றரி நன்றாக இருக்கிறதா என்று அறிய ஓர் ஏற்றம் போதும். உவர்மலைக்கு ஏறி இறங்கிப் பார்த்தாலே காணும். பற்றரி அளவு காட்டுகிற கட்டங்கள் கண்ணுக்கு முன்னாலே நிரம்பி, கண்ணுக்கு முன்னாலே காலியானால் அதற்கு வயது போய்விட்டது. இப்போதைக்கு எங்களுடையது அப்படி ஆடவில்லை. நீ நாளைக்கு வேறொரு பழைய ஹைபிரிட் பார்க்கப் போனாலும் இதே சோதனையைச் செய், விற்கிறவனின் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. போனட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி இரண்டு இருக்கும். ஒன்று இஞ்சினுக்கு, சின்னது கரண்டு மாற்றுகிற பெட்டிக்கு. 'ரெடி'யில் வைத்துச் சின்னத் தொட்டியை எட்டிப் பார், உள்ளே நீர் அலைந்துகொண்டிருக்கவேண்டும். அசையாமல் நின்றால் பம்ப் போய்விட்டது, ஓடாதே. காலையில் இஞ்சின் முதல் எழும்பும்போது காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கினால், ஒழுக்கு இல்லாமலே இஞ்சின் தண்ணீர் குறைந்தால், அன்றைக்கே காட்டு. செம்மஞ்சள் வயர்களில் கைவைக்கவிடாதே, படித்தவனும் சரி படியாதவனும் சரி. இந்தக் கார் மோட்டரால் வேகத்தைக் குறைக்கிறபடியால் பிறேக் கட்டைகள் தேய்வது குறைவு. தேயாதது நல்லது என்று நானும் நினைத்தேன். உப்புக் காற்றில் வேலையில்லாமல் இருந்து அவை கறள் பிடித்து இறுகிவிட்டன. ஓடிவிட்டு வந்து நாலு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார், ஒன்று மட்டும் கொதித்தால் அது இறுகியிருக்கிறது. இஞ்சின் பாதி நேரம் ஓய்வெடுக்கிறதுதானே என்று ஒயில் மாற்றப் பஞ்சிப்படாதே.

இவ்வளவும் யாரும் சொல்லித்தருவார்கள். யாரும் சொல்லித்தராத சில விசயங்கள் இருக்கின்றன. நீ கதவைத் திறந்தவுடன், உள்ளே ஏற முதலே, முன்னால் எங்கேயோ 'உம்ம்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறேக் பம்ப் தன்னைத் தயார்ப்படுத்துகிற சத்தம் அது. அம்மா போன முதல் மாதங்களில் அந்தச் சத்தத்துக்கு நான் "இஞ்சதான் வாறன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். பின்னால் காற்றாடி மெல்லச் சுழலும்போது யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். எல்லாவற்றையும்விட, சந்தியில் நிற்கும்போது வருகிற அமைதி. ஓடுகிற கார் நின்றவுடன் இஞ்சின் அடங்கிவிடும். ஒரு சொட்டுச் சத்தம் இருக்காது. அந்த அமைதிதான் எனக்கு ஏலாது. பின் சீற்றைப் பார்க்கிற கண்ணாடியை மேலே திருப்பி வைத்திருக்கிறேன், நீ எடுக்கும்போது சரிபண்ணிக்கொள். கண் போகாவிட்டாலும் காது பின்னுக்குப் போய்விடும். மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் நின்றபடி, "வெயில் படுதே? அங்கால தள்ளி இரும்" என்று பின்னுக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் நின்ற பொடியன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். நான் போனில் கதைக்கிறவன் மாதிரிக் காதில் கையை வைத்துக்கொண்டேன். சிரிக்காதே. சரி, வேண்டுமென்றால் சிரி.

இனி அந்த நாள். கட்டைபறிச்சானில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகளுக்குச் சடங்கு. நீ லீவில் வந்து நின்றாய், நீதான் ஓட்டினாய், நானும் அம்மாவும் பின் சீற்றில் இருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடித்து வெளிக்கிட்டோம். மூதூர் தாண்டும்போது அம்மா நெஞ்சைத் தடவினாள். ஆஸ்பத்திரியில் காட்டுவோமா என்று கேட்டேன். "வாயு. இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியே, வீட்டை போய் இஞ்சித் தண்ணி குடிச்சாச் சரி" என்றாள். கிண்ணியாவிலும் கேட்டேன், அதே பதில்தான். அந்த இரண்டு இடத்திலும் நான் அவளுடைய பேச்சைக் கேட்காமல் இறக்கியிருக்கலாமா என்ற கேள்வி இருக்கிறது. அது என்னுடைய கேள்வி. அதை நானே வைத்துக்கொள்கிறேன், உனக்கு அதில் பங்கு தரமாட்டேன். கிண்ணியாப் பாலம் வருகிற இடத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. என் கையை இறுக்கிப் பிடித்தாள். "தம்பி, மிதி" என்றேன். நீ மிதித்தாய். அந்தக் கார் அப்படிச் சத்தம் போட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பாலத்தின் நடுவில் அவள் என் தோளில் சாய்ந்தாள். அவள் கை தளர்ந்தது. நோ குறைந்து கண்ணயர்கிறாள் என்று நினைக்க விரும்பினேன், அப்படியே நினைத்தேன்.

சீனக்குடா தாண்டி வருகிறபோது ரோட்டுக்குக் குறுக்கே மாடுகள். படுத்த மாடுகளும் நின்ற மாடுகளுமாக ஒரு பட்டியே கிடந்தது. நீ பிறேக்கை மிதித்து நிறுத்தினாய். கார் நின்றது, சத்தமும் நின்றது. நீ, "அப்பா, இஞ்சின் நிண்டிட்டுது" என்று சொல்லி முடிக்க முதலே உன் கை போய் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டது. முன்னுக்கு இருந்த எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்தது. நீ திரும்ப அழுத்தினாய். திரும்பத் திரும்ப அழுத்தினாய். கியர் ஓடுகிற இடத்திலேயே கிடந்தது, கால் பிறேக்கில் இல்லை. "அப்பா, கார் செத்திட்டுது. அப்பா, ஒண்டும் வேலை செய்யுதில்ல" என்று கத்தினாய். நான், "அவசரப்படாதை தம்பி. ஆறுதலாப் பார்" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இந்த மனிசனுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று கேட்கிற பார்வை அது. பின்னால் வந்த கிண்ணியா வான்காரர் ஒருவர் இறங்கி ஓடிவந்தார். "தம்பி, கார உட்டுட்டு உம்மாவத் தூக்குங்க" என்றார். நாங்கள் தூக்கினோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, வரும்போதே முடிந்துவிட்டது என்றார். நீ விறாந்தையில் இருந்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் "கார் நிண்டிட்டுது, கார் நிண்டிட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். செத்த வீட்டிலும் அதையே சொன்னாய். ஒருவர் தவறாமல் எல்லாரும் முற்றத்தில் நின்று அந்தக் காரைத் திட்டினார்கள், அது அங்கே இல்லாமலே.

மாமா அன்று பின்னேரமே போய், கடைக்காரர்களோடு சேர்ந்து அதை ஓரத்துக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு வந்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையல் முடிந்தபிறகு நான் போனேன். நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய். மாமா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கினார். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போவோம் என்றார், பார்ப்போம் என்றேன். வேப்பமரத்துக்குக் கீழே நின்றது, மேலெல்லாம் சருகு. உள்ளே ஏறி இருந்தேன். பிறேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். பச்சை எழுத்து எரிந்தது. கியரைப் போட்டுக் காலை எடுத்தேன், கார் சத்தமில்லாமல் புறப்பட்டது. ஒருவரும் அதில் ஒரு ஆணியைக்கூடத் திருகவில்லை, தம்பி. மாமா வாயைத் திறந்தபடி நின்றார். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் இன்றுவரை சொல்லவில்லை. வழியெல்லாம் யோசித்தேன். அன்றைக்கு உயிரோடு நின்ற காரை நீ அழுத்தின அந்தப் பொத்தான்தான் அணைத்திருக்கிறது. காரில் பிழையில்லை என்று சொன்னால் அந்தப் பழி எங்கே போகும்? உன் கையில் வந்து நிற்கும். கார் இரும்புதானே, அது தாங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தப் பழியோடு அதை நாலு வருசம் ஓட்டினேன்.

ஆனால் அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பள்ளிக்கூட லீவில் நீ என்னோடு லாஞ்சில் வந்தபோது, கொட்டியாரக் குடாவின் நடுவில் வைத்து உனக்கு நான் படிப்பித்த பாடம் ஒன்றுதான். "இஞ்சின் சத்தம் நிண்டால் யோசிக்கக் கூடாது. கை உடனே போகவேணும், உடனே திருப்பிப் போடவேணும். யோசிச்சுக்கொண்டு நிண்டால் லாஞ்ச் அலைக்குக் குறுக்கே திரும்பிடும்." நீ கெட்டிக்காரன், கை பழகிக்கொண்டது. கடலில் அது சரியான பாடம், எங்களை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காப்பாற்றிய பாடம். நிற்கும்போதெல்லாம் சத்தம் நிற்கிற ஒரு இஞ்சினை உன் கையில் ஒருநாள் யாராவது தருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அன்றைக்கு ரோட்டில் பொத்தானுக்குப் போனது லாஞ்சில் நான் பழக்கின கை. வேறொரு வீட்டுப் பிள்ளை என்றால் மாடு எழும்பும்வரை சும்மா இருந்திருப்பான், கார் தானாகப் போயிருக்கும்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உனக்குச் செய்வது துரோகம். இனிச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ மாடுகளுக்காக நிறுத்தினாய், இஞ்சின் அடங்கியது. நீ பேச முதல், உன் கை பொத்தானுக்குப் போக முதல், இரண்டு மூச்சு நேரம் அந்தக் காருக்குள் முழு அமைதி இருந்தது. பாலத்திலிருந்து அந்த இடம்வரை இஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றபடியால் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அமைதியில் அவளுடைய வாய்க்குக் கிட்டக் காதைக் கொடுத்தேன். நெஞ்சிலும் வைத்தேன். இஞ்சின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலே கண்டுபிடிக்கிற காது இது, அதற்குப் பிழைக்காது. அங்கே ஒன்றும் இல்லை. உன் அம்மா பாலத்திலேயே போய்விட்டாள். நீ பொத்தானை அழுத்திய நேரம் முழுக்க, அவளுக்கு அந்த நேரத்தால் ஒரு பயனும் இருக்கவில்லை. அதனால்தான் அவசரப்படாதை என்றேன். அது எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்குத் தெரியவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையிடம், உன் அம்மா செத்துவிட்டாள் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? நீ இன்னும் கொஞ்ச நேரம் தாயுள்ள பிள்ளையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நாலு வருசமாகப் போய்விட்டது. அதற்கு நீ என்னைக் கோபி, அது நியாயம். காரைக் கோபிக்காதே, உன்னைக் கோபிக்காதே.

சனிக்கிழமை பஸ்ஸில் வா. காரை எடுத்துக்கொண்டு போ. முதல் நாள் நான் பக்கத்தில் இருக்கிறேன், பாலையூற்றுப் பக்கம் சும்மா ஓடிப்பார்ப்போம், வேண்டுமென்று நிறுத்தி நிறுத்தி ஓடு. வதனிக்கு நோ தொடங்குகிற நாளில் நீதான் அவளைக் கொண்டுபோவாய். எங்கேயாவது ஒரு சந்தியில் மாடு நிற்கும், அல்லது ரெயில் கேற் பூட்டியிருக்கும். நீ நிறுத்துவாய், சத்தம் நின்றுவிடும். உன் கை போகப் பார்க்கும். விடாதே. பிறேக்கில் காலை வைத்துக்கொண்டு பச்சை எழுத்தைப் பார், அது எரிந்தால் கார் உயிரோடுதான் இருக்கிறது. பிறகு காதைப் பின்னுக்குக் கொடு. அவள் முனகுவாள், அழுவாள், எங்கையப்பா நிக்கிறீங்கள் என்று உன்னைத் திட்டுவாள். அந்த அமைதியில் எனக்குக் கேட்காமல் போனதெல்லாம் உனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே மெல்லக் காலை எடு, தம்பி. கார் போகும்.

அப்பா